கர்ப்பிணி மனைவியை யு.கே-வுக்கு அழைத்து வர எந்த விசா? 14 வாரம் ஆகிறது

லெஸ்டர்_திருச்சி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லெஸ்டரில் ஐ.டி வேலை, ஸ்கில்ட் வொர்க்கர் விசா. கம்பெனி மூன்று வருடத்துக்கு சி.ஓ.எஸ் (வேலைக்கு அழைக்கும் ஸ்பான்சர் சான்று) கொடுத்தது, அதில் இன்னும் 2 வருடம் 4 மாதம் பாக்கி இருக்கிறது. மனைவி திருச்சியில் அவர் அம்மா வீட்டில் இருக்கிறார். முதல் குழந்தை, இப்போது 14-வது வாரம். நான் இங்கே ஒரு வீடு பார்த்து கொஞ்சம் காசும் சேர்த்துக்கொண்டு அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம், அதற்குள் இந்த நல்ல செய்தி.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர், "டிபென்டன்ட் விசா (வேலையில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) என்றால் ஹெல்த் சர்சார்ஜை (விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம்) மொத்தமாகக் கட்டச் சொல்வான், பேசாமல் ஆறு மாத விசிட் விசாவில் கூட்டி வா, வந்தபிறகு இங்கேயே மாற்றிக்கொள்" என்கிறார். இன்னொருவர், கர்ப்பம் என்று தெரிந்தாலே விசா கிடைக்காது, வாயைத் திறக்காதே என்கிறார். மாமியாருக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் இரண்டு பேரையும் அனுப்பி வைக்கிறேன் என்கிறார். மனைவிக்கு இங்கே வரத்தான் ஆசை. எனக்கும் பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

இதில் எது சரியான வழி? செலவு எவ்வளவு ஆகும்? விசாவுக்கான டி.பி (காசநோய்) டெஸ்டுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாமே, கர்ப்பத்தில் எக்ஸ்ரேயா என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மதுரை_டு_ரெடிங்:

முதலில் வாழ்த்துகள் நண்பரே. அடுத்ததாக, அந்த விசிட் விசா யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

விசிட்டராக உள்ளே வந்தவர் இங்கே இருந்துகொண்டே டிபென்டன்டாக மாற முடியாது, விதியே இல்லை. திரும்ப ஊருக்குப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணக்கில் பாருங்கள், இப்போது 14 வாரம், விசிட் விசா எடுத்து வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஏழு எட்டு மாத வயிற்றோடு மறுபடி விமானம் ஏறி ஊருக்குப் போய், அங்கே டிபென்டன்ட் விசா போட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த நேரத்தில் விமானத்தில் ஏற்றுவார்களா என்பதே சந்தேகம். சரி, போகாமல் இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்.எச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) இலவசம் கிடையாது. விசிட்டருக்கு இங்கிலாந்தில் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் பில் போடுவார்கள். பிரசவம் என்பது அவசர சிகிச்சைக் கணக்கில் வருவதால் காசு இல்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பாது, அந்தப் பயம் வேண்டாம், ஆனால் பில் பின்னாலேயே வரும். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் அந்தத் தகவல் விசா கொடுக்கும் ஹோம் ஆபீசுக்குப் போகும், அடுத்த விசாவை அதைக் காட்டியே மறுக்கலாம். டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை சாதாரண பிரசவச் செலவை ஏற்காது, பாலிசியை வரி வரியாகப் படித்தால் தெரியும்.

கர்ப்பத்தை மறைக்கச் சொன்னவர் பேச்சையும் கேட்காதீர்கள். கர்ப்பமாக இருப்பது டிபென்டன்ட் விசாவை மறுக்க ஒரு காரணமே இல்லை. மறைத்தால் டி.பி டெஸ்ட் எடுக்கும் இடத்தில் அவருக்கும் குழந்தைக்கும்தான் ஆபத்து. அங்கே முதல் வார்த்தையே அதுவாக இருக்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். 2025 ஏப்ரல் கட்டணப்படி, மூன்று வருடமோ அதற்குக் குறைவோ உள்ள சி.ஓ.எஸ் என்றால் வெளிநாட்டிலிருந்து போடும் டிபென்டன்ட் விண்ணப்பத்துக்கு 769 பவுண்டு. ஹெல்த் சர்சார்ஜ் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035. உங்கள் விசா முடியும் தேதியோடுதான் அவர் விசாவும் முடியும், ஆகவே 2 வருடம் 4 மாதத்துக்குக் கட்ட வேண்டும். ஆறு மாதமோ அதற்குள்ளோ மிஞ்சினால் அரை வருடக் கட்டணம், அதாவது இரண்டரை வருடக் கணக்கு, 2,587 பவுண்டு 50 பென்ஸ். இரண்டையும் கூட்டினால் 3,356 பவுண்டு சொச்சம். வலிக்கும் தொகைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதைக் கட்டிவிட்டால் அவர் விசா தொடங்கும் நாளிலிருந்து செக்கப், ஸ்கேன், பிரசவம், சிசேரியன் தேவைப்பட்டால் அது, எதற்குமே தனியாகக் காசு இல்லை. விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் முழுதும் திரும்ப வந்துவிடும், விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான் போகும்.

பேப்பர் விஷயத்தில் ஒன்றிரண்டு. கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது எல்லாம் போதாது, சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்த திருமணச் சான்றிதழ் வேண்டும். இன்னும் பதியவில்லை என்றால் அதுதான் முதல் வேலை, இன்றே ஆரம்பியுங்கள். மனைவிக்காக 285 பவுண்டு தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்ததைக் காட்ட வேண்டும், அல்லது குடும்பத்தின் முதல் மாதச் செலவுக்கும் பொறுப்பேற்பதாகக் கம்பெனி உறுதி கொடுத்திருந்தால் அது போதும். எச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடுவில் ஒரே ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே பேலன்ஸ் போனாலும் 28 நாளை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், உங்களுக்கு அந்த ஒரு மாதம் ரொம்பப் பெரிது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மார்ச் 11-க்குப் பிறகு கேர் வொர்க்கராக விண்ணப்பித்து வந்தவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. நர்ஸ்கள் அந்தத் தடையில் வரமாட்டார்கள், ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இருப்பதால் அவர்கள் குடும்பத்துக்கு சர்சார்ஜும் கிடையாது. உங்கள் வேலை எந்த வகையில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள்.

பர்மிங்காம்_அக்கா:

தம்பி, நானும் வயிற்றில் பிள்ளையோடுதான் இங்கே வந்தேன். மேலே ரெடிங் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் உங்கள் விஷயத்தில் விசாவை விட டி.பி டெஸ்ட்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். வயிற்றை மறைக்கும் கவசம் போட்டுக்கொண்டு மார்பு எக்ஸ்ரே எடுக்கலாம், அதற்கு எழுத்தில் சம்மதம் கேட்பார்கள். எக்ஸ்ரே வேண்டாம் என்றால் சளிப் பரிசோதனை. இரண்டும் வேண்டாம் என்றால் பிரசவம் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது இந்தப் பயணத்தையே தள்ளிப்போடுவதற்குச் சமம். நான் எடுத்தது சளிப் பரிசோதனை. எங்கள் வீட்டிலும் உங்கள் வீடு மாதிரியே எக்ஸ்ரே என்ற பேச்சை எடுத்தாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுவார். சளிதானே, இரண்டு நாளில் ரிசல்ட் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. காலையில் இருமி இருமி ஒரு சின்ன டப்பாவில் சளி எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒரு தடவை அல்ல, பல தடவை. நல்ல உடம்பில் சளி எங்கே இருக்கிறது, தொண்டை புண்ணாகிப் போனதுதான் மிச்சம். அதை வளர்த்துப் பார்த்துத்தான் கிருமி இல்லை என்று சொல்வார்கள், அதற்கு 8 வாரம் வரை ஆகும். எனக்கு ஏறக்குறைய அவ்வளவும் ஆனது. கட்டணமும் தனி.

உங்கள் மனைவியின் வாரத்தில் வைத்துப் பாருங்கள். சளிப் பரிசோதனை என்றால் ரிசல்ட் வரும்போது 22, 23 வாரம், அதன்பிறகு விசாவுக்கு வழக்கமாக மூன்று வாரம், சாமான் கட்டிக் கிளம்ப 27 ஆகிவிடும். எக்ஸ்ரே என்றால் 19, 20-க்குள் இங்கே வந்துவிடலாம். இது சின்ன வித்தியாசம் இல்லை. இங்கே குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பெரிய ஸ்கேன் 20-வது வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன் வந்துவிட்டால் எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் வரிசையாகப் போகும். லேட்டாக வருவதாக இருந்தால் அந்த ஸ்கேனைத் திருச்சியிலேயே முடித்து ரிப்போர்ட்டோடு வரவேண்டும், அதுவும் தப்பில்லை.

எக்ஸ்ரே பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், என் இரண்டாவது பிரசவத்தில் டாக்டர் பொறுமையாக விளக்கியது. மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச்சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரே அளவைத் தாண்டாது. கருவுக்குக் கெடுதல் வரலாம் என்று மருத்துவர்கள் கவலைப்பட ஆரம்பிக்கும் அளவு 50 மில்லிகிரே. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள். இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் எக்ஸ்ரேயே எடுத்திருப்பேன். ஆனால் தம்பி, நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. உங்கள் மனைவி அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய்யட்டும். எதுவானாலும் ஹோம் ஆபீஸ் அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும், பக்கத்துத் தெரு லேப் சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் 6 மாதம் செல்லுபடியாகும்.

விமானம். ஒரு குழந்தை என்றால் 36-வது வாரம் முடியும்வரை பெரும்பாலான ஏர்லைன்ஸ் ஏற்றிக்கொள்கிறார்கள், இரட்டை என்றால் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். 28 வாரம் தாண்டிவிட்டால் டாக்டர் லெட்டர் கேட்பார்கள், அதில் பிரசவத் தேதி, சிக்கல் எதுவும் இல்லை, பயணம் செய்யலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். நான் கிளம்பும்போது ஏழாம் மாதம். செக்-இன் கவுன்டரில் அந்த லெட்டரை ஒரு பெண் இரண்டு முறை படித்து, உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தபிறகுதான் போர்டிங் பாஸ் கையில் கிடைத்தது. நடைபாதை ஓர சீட் போடுங்கள், இரத்தம் கட்டாமல் இருக்க அமுக்கு சாக்ஸ் போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

வந்ததும் செய்ய வேண்டியது, மறுநாளே ஜி.பி-யில் (நம் பகுதி டாக்டர் கிளினிக்கில்) பதிவு. பல ஆஸ்பத்திரிகளின் மகப்பேறு பிரிவில் ஜி.பி மூலமாகப் போகாமல் நேராக ஆன்லைனில் நாமே ஃபார்ம் நிரப்பலாம், அது சீக்கிரம் நடக்கும். ஊரில் எடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள், ரத்த வகை, சர்க்கரை டெஸ்ட், போட்ட ஊசிகள், சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயர், எல்லாம். மாத்திரை பிராண்டு பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே மனைவியிடம் சொல்லி வையுங்கள். இங்கே மாதா மாதம் டாக்டரைப் பார்க்கும் பழக்கம் இல்லை. எல்லாம் மிட்வைஃப், அதாவது மருத்துவச்சிதான், முதல் பிள்ளைக்கு மொத்தம் பத்து சந்திப்பு மாதிரி வரும், சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு ஸ்கேன் 12-வது வாரத்தில் ஒன்று, 20-ல் ஒன்று, அவ்வளவுதான். ஊரில் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்மை யாரும் கவனிக்கவில்லையோ என்று தோன்றும். அப்படி இல்லை. எனக்குச் சாயந்திரம் குழந்தை பிறந்தது, மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அனுப்பிய கையோடு அடுத்த நாளே மிட்வைஃப் வீட்டுக்கு வந்து தையலைப் பார்த்து, பால் கொடுக்க உட்காரும் விதம் வரைக்கும் பக்கத்தில் இருந்து திருத்திக் காட்டிவிட்டுப் போனார். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஒரு வருடமும் மருந்துச்சீட்டுக்குக் காசு வேண்டாம் என்று ஒரு அட்டை உண்டு, அதை மிட்வைஃபிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொங்கு_தந்தை:

நான் கொஞ்சம் வேறு பக்கம் பேசுகிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். எங்கள் முதல் குழந்தை ஊரில் பிறந்தது, இரண்டாவது இங்கே. உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பிரசவம் என்பது ஒரு நாள், அதற்குப் பிறகான நாற்பது நாள்தான் பெரியது. ராத்திரி முழுக்கக் குழந்தை அழுது, காலையில் நீங்கள் ஆபீஸ் போய்விட்டால், புது ஊரில், ஜன்னல் திறக்க முடியாத குளிரில், பேச ஆளில்லாமல் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சட்டப்படி அப்பாவுக்குக் கிடைக்கும் லீவு இரண்டு வாரம்தான்.

ஊரிலேயே பிரசவம் என்றால் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்து வாங்கும் எண்) வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள், தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். சான்றிதழில் குழந்தையின் பெயரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், அதை வைத்துத்தான் பாஸ்போர்ட். அப்புறம் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே டிபென்டன்ட் விசா போடலாம். 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே கிடையாது, ஆனாலும் டி.பி மையத்துக்கு அழைத்துப் போய் டாக்டர் பார்த்துச் சான்று தர வேண்டும். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று மாமியார் சொல்வது நடக்காது, நடைமுறையில் ஐந்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு மிச்சமாகும் என்று மட்டும் இதைச் செய்யாதீர்கள். குழந்தைக்கு எங்கே பிறந்தாலும் விசா வேண்டும், 18 வயதுக்குக் கீழே சர்சார்ஜ் வருடத்துக்கு 776, அது இரண்டு வழியிலும் உண்டு. மனைவியின் சர்சார்ஜில் சில மாதம் குறையும், அவ்வளவே. துணைக்கு ஆள் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் ஊர்ப் பிரசவத்தைச் சொல்வேன். அதற்காக, அப்பா பக்கத்தில் இருப்பதன் அருமை தெரியாதவன் இல்லை. முதல் பிள்ளை பிறந்த அன்று போனில் பார்த்ததையும் இரண்டாவதைக் கையில் வாங்கியதையும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியாது.

லெஸ்டர்_திருச்சி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன கணக்கை வைத்து நேற்று இரவு மனைவியோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பேசினோம். மனைவி இன்று அவர் டாக்டரைப் பார்த்துவிட்டார், கவசம் போட்டு எக்ஸ்ரே எடுக்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார், மனைவிக்கும் சம்மதம். திருமணச் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. எச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டேன்.

கொங்கு அண்ணன் சொன்ன தனிமைதான் மனதில் உறுத்துகிறது. மாமியாரை ஒரு ஆறு மாதம் இங்கே அழைத்து வர முடியுமா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறார் என்று எழுதினால் வேலைக்கு வருவதாக எடுத்துக்கொள்வார்களோ? அப்புறம் இங்கே பிறக்கும் குழந்தைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்காது என்கிறார்களே, அப்போது என்ன செய்ய வேண்டும்?

மதுரை_டு_ரெடிங்:

மாமியாருக்குத்தான் விசிட் விசா சரியான விசா. 6 மாதம் வரை இருக்கலாம், 2025 கட்டணம் 127 பவுண்டு, பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் போட முடியும். உண்மையை அப்படியே எழுதுங்கள், மகளின் பிரசவத்துக்கு வருகிறேன், இத்தனை நாள் இருப்பேன், செலவு மருமகன் பார்த்துக்கொள்வார் என்று. உறவினர் கொஞ்ச காலம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதை அனுமதிக்கிறார்கள், சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பதுதான் விஷயம். அவர் ஊருக்குத் திரும்புவார் என்று காட்டுவதில்தான் கவனம் வேண்டும், வீடு, நிலப் பட்டா, பென்ஷன், மாமனார் அங்கேயே இருக்கிறார் என்பது, எது இருக்கிறதோ அதை வையுங்கள். அவருக்கு என்.எச்.எஸ் இலவசம் இல்லை, நல்ல இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள், சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதைச் சொல்லியே எடுக்க வேண்டும்.

குழந்தை விஷயம். பெற்றோரில் ஒருவருக்காவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இருந்தால்தான் இங்கே பிறக்கும் குழந்தை பிறக்கும்போதே பிரிட்டிஷ். உங்களுக்கு அவை இன்னும் இல்லை, ஆகவே குழந்தை இந்தியக் குடிமகன்தான். பின்னாளில் உங்களில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர் (அந்த நிரந்தரக் குடியிருப்பு) வந்ததும் குழந்தையைப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது, கவலை வேண்டாம்.

பிறந்ததும் 42 நாளைக்குள் உள்ளூர் ரெஜிஸ்ட்ரார் ஆபீசில் பிறப்பைப் பதிய வேண்டும். பிறகு இந்தியத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும், ஒரு வருடத்துக்குள் பதிவதுதான் சட்டம், ஆனால் நீங்கள் அவ்வளவு நாள் எடுக்கக் கூடாது. ஏன் என்றால், அம்மா சர்சார்ஜ் கட்டியிருப்பதால் குழந்தைக்கு என்.எச்.எஸ் இலவசமாகக் கிடைப்பது முதல் மூன்று மாதம்தான், அதுவும் நாட்டை விட்டு வெளியே போகாமல் இருந்தால். அதற்குள் பாஸ்போர்ட் வாங்கி இங்கிருந்தே குழந்தைக்கு டிபென்டன்ட் விசா போட்டுவிடுங்கள். இங்கிருந்து போடும் கட்டணம் 2025-ல் 885 பவுண்டு, சர்சார்ஜ் தனி. விசா இல்லாமல் குழந்தை இங்கே இருப்பது குற்றம் இல்லை, ஆனால் பாட்டி வீட்டைப் பார்க்கலாம் என்று ஊருக்குக் கூட்டிப் போனால் விசா இல்லாமல் திரும்ப வர முடியாது. அப்புறம், சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) எல்லோரும் வாங்குகிறார்களே என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள், உங்கள் விசாவில் பொது நிதி கிடையாது என்று போட்டிருக்கும், அதை மீறினால் பின்னால் ஐ.எல்.ஆருக்கே சிக்கல்.

பர்மிங்காம்_அக்கா:

நல்ல முடிவு தம்பி. விசா கைக்கு வந்ததும் டிக்கெட் போடும் முன்னாலேயே லெஸ்டர் ஆஸ்பத்திரியின் மகப்பேறு பக்கத்தைத் திறந்து, முகவரிக்கு என்ன சான்று கேட்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் சேர்க்க முடியுமா என்று வீட்டு ஓனரிடம் இந்த வாரமே கேளுங்கள், ஜி.பி-யிலிருந்து வங்கி வரைக்கும் அது உதவும்.